அந்த மூத்த மருத்துவர் யார்?

வாராவாரம் இந்தத் தொடரில் இந்தக் குடும்பத்தோடு கூடவே வருகிறவர்களுக்குப் பெரிய டாக்டரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இன்றுதான் உள்ளே நுழைகிறவர்களுக்காகச் சில வரிகள்.

அவருக்கு வயது அறுபத்தெட்டு. பன்னிரண்டு படுக்கை கொண்ட ஆஸ்பத்திரியில் முப்பத்தாறு வருடம். அதைவிடப் பெரிய மருத்துவமனைக்கு மலைப்பாதையில் நான்கு மணி நேரம் போக வேண்டும். இரண்டு வருடமாக அவருடன் வேலை செய்யும் இன்னொரு டாக்டர் அவருடைய மருமகள்தான். ஊர் அவளைச் சின்ன டாக்டர் என்கிறது. ஒரே மகன் அதே ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறான். மகன் டாக்டர் ஆகவில்லை என்பதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நினைக்காத நாளும் இல்லை.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலையில், மரம் ஏற்றும் லாரியின் ஓட்டுநர் ஒருவர் மேல்வயிறு எரிகிறது என்று வந்தார். பெரிய டாக்டர் வயிற்றுப்புண் என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பினார். மாலையில் அதே ஆளை நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாரடைப்பு. உயிர் தப்பியது. ஆனால் பத்து அடி நடந்தால் அவருக்கு மூச்சு வாங்குகிறது. இனி லாரி ஓட்ட முடியாது.

அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை எழவில்லை. கௌரவமான குடும்பங்களில் சில விஷயங்கள் பேசப்படுவதில்லை. அதற்கு இந்தக் காலத்தவர் வேறு பெயர் வைக்கலாம். ஒரு பெயரை முப்பத்தாறு வருடம் கட்டிக் காத்தவர்களுக்குத்தான் அதன் பாரம் தெரியும்.

இதற்கிடையில் பெரிய டாக்டரின் மருத்துவப் பதிவைப் புதுப்பிக்கும் வேளை வந்துவிட்டது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, தாங்கள் தொடர்ந்து படிக்கிறோம் என்பதற்கு டாக்டர்கள் முப்பது புள்ளி காட்ட வேண்டும். பெரிய டாக்டர் இருபத்து நான்கு சேர்த்திருந்தார். திரையில் ஓடிய விரிவுரைகளை ஒன்று விடாமல், முதுகை நாற்காலியில் சாய்க்காமல் கேட்டவர் அவர். மிச்சமிருந்த ஆறு புள்ளி வேறு வகை. தொலைதூர டாக்டர்களுக்கென்று புதிதாகக் கொண்டுவந்தது. தான் இன்னும் நன்றாகச் செய்திருக்கக்கூடிய ஒரு சிகிச்சையை எழுதி, சக டாக்டர்கள் முன் வைக்க வேண்டும். கூட வேலை செய்யும் ஒரு டாக்டர் அதை உண்மை என்று ஒப்ப வேண்டும். கடைசி நாள் இன்று. மாலை ஐந்து மணி. தவறினால் நாளை முதல் அவர் ஒரு நாடியைக்கூடப் பிடிக்கக் கூடாது.

நேற்று இரவுச் சாப்பாட்டின்போது அவர் மகனிடம், எதையாவது எழுதி அனுப்பிவிடு என்று சொல்லியிருந்தார்.

"உங்க தப்பை நான் எப்படிப்பா எழுதறது? அதுவும் எதைன்னு எழுதறது?" என்று மகன் கேட்டான். அந்த "எதைன்னு" என்ற சொல்லுக்காக அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார்.

*

காலை ஏழு மணிக்குச் சின்ன டாக்டர் பிரசவ அறையிலிருந்து வெளியே வந்தாள். முதல் நாள் காலையில் போட்ட செருப்பு இன்னும் காலிலேயே இருந்தது. தாயும் குழந்தையும் நலம். அவள்தான் நலமில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பதிவறைக்கு நடந்தாள்.

இந்த மாதம் எழுத வேண்டியவர்களின் வரிசையில் அவள் பெயரும் இருந்தது. எழுத வேண்டியது மூன்று வாரமாக நெஞ்சில் கிடந்தது. படுத்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று தெரிந்ததால், உட்கார்ந்து ஒரே மூச்சில் தட்டி அனுப்பிவிட்டு, மேஜையிலேயே தலையைச் சாய்த்தாள்.

ஆஸ்பத்திரியில் இருப்பது ஒரே கணினி. புள்ளிகளைச் சரிபார்க்க, முந்தின நாள் மாலை பதிவறை எழுத்தர் பெரிய டாக்டரின் கணக்கைத் திறந்திருந்தார். மூடவில்லை. திரையின் மேல் மூலையில் பொடி எழுத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கும் நிலையில் அவள் கண்கள் இல்லை. மருமகள் எழுதியது மாமனாரின் பெயரில் போய்ச் சேர்ந்தது.

ஒன்பதரை மணிக்கு எழுத்தர் ஓடிவந்து, பெரிய டாக்டரின் பதிவு போய்ச் சேர்ந்துவிட்டது, ஒப்புதல்தான் பாக்கி என்றும், இரண்டு மணிக்கு நடக்கும் மாதக் கூட்டத்தில் அதை வாசிப்பார்கள் என்றும் சொன்னார். பெரிய டாக்டர் ஒரு கணம் விழித்தார். பிறகு புரிந்ததாக நினைத்துக்கொண்டார். மகன்தான் எழுதியிருக்கிறான். வாயில் துடுக்குத்தனம் இருந்தாலும் ரத்தம் விட்டுக்கொடுக்கவில்லை.

பரிசோதனைக் கூடத்தின் வாசலில் போய் நின்றார். மகன் நுண்ணோக்கியிலிருந்து தலையை நிமிர்த்தினான். அப்பா அந்த வாசலுக்கு வந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

"பரவாயில்லை," என்றார் அவர். "பொறுப்பா செஞ்சிருக்கே."

எதைச் சொல்கிறார் என்று மகனுக்கு விளங்கவில்லை. எதை அப்பா என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டால் அந்த வார்த்தை திரும்பிப் போய்விடுமோ என்று பயந்தான். பத்தாம் வகுப்பு மதிப்பெண் அட்டைக்குப் பிறகு அவன் காதில் விழுந்த முதல் "பரவாயில்லை" அது. தலையை மட்டும் ஆட்டினான்.

அந்தக் குடும்பத்தில் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. அதனால்தான் அன்றைய பகல் அப்படி முடிந்தது.

*

இரண்டு மணிக் கூட்டத்துக்குப் பெரிய டாக்டர் சலவைக் கோட்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் மருமகள். ஆஸ்பத்திரிக்குள் அவள் அவரைச் சார் என்பாள், அவர் அவளை டாக்டர் என்பார். வீட்டுக்குள் அவள் மாமா என்பாள், அவர் ம்மா என்பார். இந்த எல்லைக்கோட்டை வகுத்தவர் அவர்தான்.

திரையில் நான்கு முகங்கள் தெரிந்தன. நகரத்துப் பயிற்சி நிலையத்திலிருந்து ஒருங்கிணைப்பாளர் அம்மாள், கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்தபடி. தீவு டாக்டர், இரண்டு நாளாகப் படகு வராததால் சவரம் செய்யாத முகத்தோடு. சுரங்க டாக்டர், பின்னால் தலைக்கவசங்கள் தொங்கும் சுவரோடு. எல்லைச் சாவடி டாக்டர், பாதித் தூக்கத்தில். அந்த மூன்று டாக்டர்களும் தத்தம் இடத்தில் ஒற்றை ஆள். மாதத்தில் இந்த ஒரு மணி நேரம்தான் இன்னொரு டாக்டரின் முகத்தை அவர்கள் பார்ப்பது. டாக்டருக்கு டாக்டர்தான் மருந்து என்று தீவு டாக்டர் இந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்வார்.

சுரங்க டாக்டர் முதலில் வாசித்தார். கை எலும்பு முறிவு ஒன்றைச் சுளுக்கு என்று கட்டி அனுப்பிய கதை. யாரும் சிரிக்கவில்லை, யாரும் திட்டவில்லை. இரண்டு கேள்வி கேட்டார்கள், குறித்துக்கொண்டார்கள். பெரிய டாக்டருக்கு அது விநோதமாக இருந்தது. நாலு பேர் பார்க்க ஒரு மனிதன் தன் சட்டையைக் கழற்றுகிறான், மற்றவர்கள் தையல் பிரிந்த இடத்தைப் பார்த்துக் குறிப்பெடுக்கிறார்கள்.

அடுத்து அவருடைய பதிவு. ஒருங்கிணைப்பாளர் அம்மாள் அதைத் திரையில் ஏற்றி, தானே வாசித்தார்.

"ஐம்பத்திரண்டு வயது ஆண். மேல்வயிற்றில் எரிச்சல், வாந்தி. மூத்த மருத்துவர் பார்த்து வயிற்றுப்புண் என்று முடிவு செய்தார். நான் அடுத்த படுக்கையருகே நின்றிருந்தேன். நோயாளியின் நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது. மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஈ.சி.ஜி. எடுக்கலாமே என்று சொல்ல நினைத்தேன். இயந்திரம் பதினைந்து அடி தூரத்தில் இருந்தது. சொல்லவில்லை. மூத்தவர் முடிவெடுத்த பின் எங்கள் ஆஸ்பத்திரியில் யாரும் பேசுவதில்லை. அப்படி எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. பழகிவிட்டோம். எட்டு மணி நேரம் கழித்து நோயாளி மாரடைப்போடு திரும்பி வந்தார். தெரிந்தும் பேசாமல் இருந்தது என் தவறு."

முதல் வரியிலேயே மருமகளுக்குத் தெரிந்துவிட்டது. அது அவள் எழுதியது. மேலே இருந்தது அவர் பெயர். நிறுத்துங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தாள். பழக்கம் வந்து வாயை மூடியது.

அம்மாள் வாசித்து முடித்துவிட்டு, குழப்பத்தோடு நிமிர்ந்தார். ரொம்ப நேர்மையாக எழுதியிருப்பதாகச் சொன்னார். பிறகு கேட்டார்.

"ஒண்ணு மட்டும் புரியலை சார். இதுல வர்ற அந்த மூத்த மருத்துவர் யார்?"

"சாருக்கு மூத்தவரா?" என்று தீவு டாக்டர் சிரித்தார். "அப்படி ஒருத்தர் இனிமேதான் பிறக்கணும்."

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது. சிரிப்பு பாதியில் நின்றது. எல்லைச் சாவடி டாக்டரின் தூக்கம் கலைந்தது. நான்கு முகங்களும் திரையில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தவித்தன. சுரங்க டாக்டர் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ நாடாவைக் கட்டினார்.

பெரிய டாக்டர் அசையவில்லை. பதினைந்து அடி என்ற இடத்திலேயே அவர் புரிந்துகொண்டிருந்தார். அந்தத் தூரத்தை அளந்து வைத்திருக்கக்கூடிய ஆள் ஒருத்திதான்.

அவர் நினைத்திருந்தால் தப்பித்திருக்கலாம். ஆறு புள்ளி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஏதோ பழைய கதை, நான் ஜூனியராக இருந்தபோது நடந்தது என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். மரியாதைக்காக எல்லோரும் நம்புவது போல நடித்திருப்பார்கள். ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வித்தையை அந்தக் குடும்பத்தில் யாரும் கற்றதில்லை.

"இது என் பதிவு இல்லை," என்றார். "எழுதினவங்க என் பக்கத்துல உட்கார்ந்திருக்காங்க. எங்ககிட்ட இருக்கறது ஒரே கம்ப்யூட்டர், கணக்கு மாறிப்போச்சு. அந்த மூத்த டாக்டர் நான்தான்."

கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"மூத்தவர் நான்னு சொன்னேன். தப்பு என்னுதுன்னு நான் இன்னும் சொல்லலை."

அம்மாள் திரையிலிருந்து பதிவை இறக்கினார். பிறகு, அந்தப் பதிவை உரியவர் கணக்குக்கு மாற்றிவிடுவதாகவும், அப்படியென்றால் சாரின் பக்கம் வெற்றாகத்தான் இருக்கும் என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். கூட்டத்தில் வைத்ததாக வேண்டுமானால் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். எழுத்தும் சக டாக்டரின் ஒப்புதலும் ஐந்து மணிக்குள் வந்தாக வேண்டும். ஐந்து மணிக்கு அந்தப் பக்கம் தானாகவே மூடிவிடும், தன் கையில் இல்லை என்றார்.

தீவு டாக்டர் மெல்லிய குரலில், தன் இடத்தில் ஒப்பமிட இன்னொரு டாக்டரே கிடையாது, அதற்காகவே படகு ஏறிப் போக வேண்டியிருந்தது என்றார். ஆறுதலாகச் சொல்லியிருக்க வேண்டும். யாருக்கும் ஆறுதலாக இல்லை.

*

ஆஸ்பத்திரி மதில் சுவரை ஒட்டித்தான் வீடு. பெரிய டாக்டர் கோட்டைக் கழற்றாமலே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். மனைவி தட்டை வைத்தாள். அவர் தொடவில்லை. மகன் கதவருகே நின்றான்.

தான் எழுதவில்லை என்று மகன் ஒப்புக்கொண்டான். காலையிலேயே ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்டார்.

"பரவாயில்லைன்னு சொன்னீங்க. அதை எப்படிப்பா திருப்பிக் கொடுக்கறது?"

கோபம் மருமகள் பக்கம் திரும்பியது. வீட்டு விஷயத்தை நான்கு ஊர் டாக்டர்கள் முன்னால் கடை பரப்பிவிட்டாள் என்றார். இரண்டு வருடம் ஒரே மேஜையில் சாப்பிட்டவள், ஒரு வார்த்தை நேரில் சொல்லியிருக்கலாமே என்றார்.

மனைவி தண்ணீரை ஊற்றிக்கொண்டே, நேரில் சொல்ல அவள் வாயைத் திறந்த நாட்களில் அவர் என்ன செய்தார் என்று நினைவிருக்கிறதா என்று கேட்டாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள் என்றாள். அவர் மறுபடியும் வீட்டு மானம் என்று ஆரம்பித்தார்.

"வீட்டு விஷயம், வீட்டு விஷயம்ங்கறீங்க," என்றாள் அவள். "அந்த லாரிக்காரர் நம்ம வீட்டுக்கு உள்ளயா, வெளியயா? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் எழுந்துகொண்டார். மணி மூன்றே கால்.

*

ஒரு விரலால் தட்டுகிறவருக்கு ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆகும். நாலே காலுக்கு அவர் ஒரு தாளைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு புறநோயாளி அறைக்கு வந்தார். மருமகள் காலையிலிருந்து அறுபதாவது ஆளைப் பார்த்து அனுப்பிவிட்டு, நாற்காலியிலேயே கண்ணை மூடியிருந்தாள். மகன் ரத்த முடிவுச் சீட்டுகளோடு நின்றிருந்தான்.

"படிச்சிட்டு சம்மதம் போடுங்க, டாக்டர்," என்றார்.

அவள் படித்தாள். நோயாளி வயிற்று எரிச்சல் என்று மட்டுமே கூறினார். நெஞ்சு வலி என்று கூறவில்லை. முன்பே இதய நோய் உண்டா என்பதையும் தெரிவிக்கவில்லை. நோயாளிகள் தம் அறிகுறிகளைத் தெளிவாகக் கூறுவதன் முக்கியத்துவத்தை இதிலிருந்து அறிந்துகொண்டேன்.

இரண்டாம் முறையும் படித்தாள்.

"இதுல தப்பு பண்ணினது லாரிக்காரர் சார்," என்றாள்.

மகன் சீட்டுகளால் வாயை மறைத்துக்கொண்டான். விழுந்தும் மீசையில் மண் ஒட்டாத எழுத்து என்று அவன் நினைத்தான், சொல்லவில்லை. அவன் சொன்னது வேறு. இதில் கையெழுத்துப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு நினைவுபடுத்தினான். நாளைக் காலையிலிருந்து அவள் ஒருத்திதான் டாக்டர். பகலும் அவள், இரவும் அவள், பன்னிரண்டு படுக்கையும் அவள். மேலிடத்திலிருந்து மாற்று ஆள் வர ஆறு மாதம் ஆகும். வருவார் என்பதற்கும் உத்தரவாதமில்லை. நேற்றிலிருந்து நீ தூங்கவில்லை, உனக்காகவாவது போட்டுவிடு என்றான்.

எல்லாம் உண்மை. அவள் பேனாவை எடுத்தாள். தாளின் மேல் வைத்தாள். பிறகு பேனாவை மூடினாள்.

"இதுல நான் போட மாட்டேன், மாமா."

"இங்க சார்," என்றார் அவர்.

"வீட்டுல கேட்டாலும் இதே பதில்தான்."

இரண்டு வருடத்தில் அவள் அவரிடம் முடியாது என்று சொன்ன முதல் விஷயம் இது. அறைக்கு வெளியே யாரோ இருமினார்கள். பெரிய டாக்டர் நோயாளிகள் உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தார். அங்கே அவர் உட்கார்ந்ததே இல்லை. அந்த உயரத்திலிருந்து பார்க்கையில் மருமகளின் கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையம் தெரிந்தது.

முப்பத்தாறு வருடம், என்று ஆரம்பித்தார். மின்சாரம் இல்லாத காலத்தில் டார்ச் வெளிச்சத்தில் வயிற்றைத் திறந்தது, பாலம் அடித்துப்போன வருடம் தோளில் மருந்துப்பெட்டி சுமந்தது எல்லாவற்றையும் சொன்னார். பெருமையாகச் சொல்லத்தான் தொடங்கினார். வரவர யாரோ ஒருவருடைய வேலைப் பட்டியலைப் படிப்பது போல ஆனது. அவரே நிறுத்திக்கொண்டார்.

"அன்னைக்கு நான் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" என்றாள் அவள்.

அவர் யோசித்தார். சமாளிப்பதற்காக யோசிக்கவில்லை. உண்மையாகவே அந்தக் காலை நேரத்தை மனதுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தார்.

"திட்டியிருப்பேன்."

"அப்புறம்?"

"திட்டிட்டு, எடுத்திருப்பேன்."

எடுக்காமல் விட்ட அந்த ஆறு நிமிட ஈ.சி.ஜி. மூவருக்கும் நடுவில் கிடந்தது. அவர் வாயிலிருந்து வந்த மூன்று சொற்கள் மருமகளை அவள் எழுதியதைவிடக் கடுமையாகக் குத்தின. ஒரு திட்டுக்குப் பயந்து அவள் வாயை மூடியிருந்தாள். ஒரு மனிதனின் இதயத்தில் பாதி போய்விட்டது.

"அதை எழுதுங்க," என்றாள். "நான் போடறேன்."

அவர் தாளை நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு பதிவறைக்குத் திரும்பினார். மணி நாலு முப்பத்தைந்து.

மொத்தமாக அழிக்கும் வழி அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். அந்தச் சத்தம் கூடத்தின் இந்தப் பக்கம்வரை கேட்டது. நீண்ட நேரம் கேட்டது. பிறகு அமைதி. பிறகு மறுபடியும் ஒரு விரல், மெதுவாக.

*

நாலே முக்காலுக்கு ஒரு பெண்ணைப் பலகையில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். கல் உடைக்கும் இடத்தில் வேலை. இரண்டு தோளுக்கும் நடுவே கிழித்தது போல வலி என்றும், அப்படியே சரிந்துவிட்டாள் என்றும் கூட வந்தவர்கள் சொன்னார்கள்.

ஆரவாரம் கேட்டுப் பெரிய டாக்டர் எழுந்து வாசலுக்கு வந்தார். மருமகள் கையைக் காட்டி, நீங்கள் உட்காருங்கள், நான் பார்க்கிறேன் என்றாள். அவர் திரும்பிப் போய் உட்கார்ந்தார். முப்பத்தாறு வருடத்தில் தூக்கிக்கொண்டு வந்த ஒரு நோயாளிக்கு அவர் முதுகைக் காட்டியது அதுவே முதல் தடவை.

சின்ன டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்தாள். கோடுகள் மாரடைப்பு என்றன. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி அலமாரியில் இருந்தது, ஒன்றே ஒன்று. நர்ஸ் அதை எடுத்து வந்துவிட்டாள். ஆனால் நோயாளியின் வலது கை நாடிக்கும் இடது கை நாடிக்கும் வித்தியாசம் இருப்பது போலச் சின்ன டாக்டருக்குப் பட்டது. அப்படியானால் கிழிந்திருப்பது பெரிய ரத்தக்குழாயாக இருக்கலாம். மாரடைப்பாக இருந்தால் இந்த ஊசி காப்பாற்றும். குழாய் கிழிந்திருந்தால் இதே ஊசி கொன்றுவிடும். முப்பத்துமூன்று மணி நேரம் தூங்காத விரல்களை எந்த அளவுக்கு நம்புவது?

கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு ஐம்பத்திரண்டு. பதிவறையில் விரல் தட்டும் சத்தம் தொடர்ந்துகொண்டிருந்தது. இன்னும் எட்டு நிமிடம் அவரை எழுதவிட்டால் போதும்.

பதிவறை வாசலில் போய் நின்றாள்.

"சார், எனக்குச் சந்தேகமா இருக்கு. ரெண்டு கை நாடியையும் நீங்களும் பார்க்கணும். வர்றீங்களா?"

அவர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். நாற்காலி பின்னால் நகர்ந்தது.

ரத்தம் எடுத்துப்போக வந்த மகன், ஆளில்லாத பதிவறையைக் கடக்கும்போது நின்றான். திரை திறந்தே இருந்தது. அப்பா எழுதியிருந்தார்:

"நான் ஈ.சி.ஜி. எடுக்கவில்லை. எடுக்கலாமே என்று கேட்கும் தைரியத்தை என்னுடன் இருப்பவர்களுக்கு நான் கொடுத்ததில்லை. மருமகளுக்கும் இல்லை. மகனுக்கும் இல்லை. இனி நான்"

அங்கே நின்றிருந்தது. அதன் பின்னால் கோடு ஒன்று கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. கீழே, ஒப்புதலுக்காகச் சக டாக்டரின் பதிவு எண்ணைத் தட்ட வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

அந்த இரண்டு டாக்டர்களின் பதிவு எண்ணும் அவனுக்கு மனப்பாடம். தினமும் ஐம்பது சீட்டில் எழுதுகிறவன். ஒரு வாக்கியத்தை முடித்து, ஒரு எண்ணைத் தட்டினால் போதும். அப்பாவின் பெயர் நிற்கும். மனைவி தூங்குவாள். எழுதியிருப்பதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. முடிக்கிற கை மட்டும்தான் பொய்.

நாலு ஐம்பத்தாறு. அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். கைகளை முழங்காலின் மேல் வைத்துக்கொண்டான்.

கூடத்தின் அந்தப் பக்கத்திலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. அவன் பிறந்ததிலிருந்து கேட்டுவந்த குரல்தான். அது கேள்வி கேட்டதுதான் புதிது.

"இடது கையில குறைவாத்தான் இருக்கு. நீ என்ன நினைக்கறே, டாக்டர்?"